முப்பதாவது மாடியில் மூடுபனி

லிப்டுக்குள் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. எழுபது வருஷத்துக்கு முன்பு ரஷ்யர்கள் கட்டிக்கொடுத்த மாளிகையில், நேற்றுத்தான் சுவர் பூசியதுபோல அந்த வாசனை ஏன் வருகிறது என்று யகோதாவுக்குப் புரியவில்லை. உயரம் என்றாலே அவளுக்குப் பயம். பிறந்தநாளுக்கு உச்சி மாடத்துக்குக் கூட்டிப்போவதாக மகள் கலினாவுக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்ததால்தான் இந்த நவம்பர் மூடுபனியில் கிளம்பி வந்திருந்தாள்.

“காசு குடுத்து வெள்ளைச் சுவரைப் பாக்க வந்திருக்கீங்க,” என்றாள் லிப்ட் ஓட்டும் இர்மினா, ஸ்டூலில் உட்கார்ந்து கம்பளி பின்னியபடி. “வார்சா ஊரே இன்னைக்குப் பனியில காணாமப் போச்சு.”

“நான் பனியைப் பாத்துக்கறேன் ஆன்ட்டி,” என்றாள் கலினா.

முப்பதாவது மாடியில் இறங்கியதும் கலினா திரும்பி, வெளியே நின்றபடியே தன் கசகசா ரொட்டியில் பாதியைப் பிய்த்து இர்மினாவிடம் நீட்டினாள். யகோதா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

“வாசப்படிக்கு மேல கை நீட்டாதன்னு எத்தனை தடவை சொல்றது? கெட்டது வரும்.”

“லிப்டுக்கு ஏதும்மா வாசப்படி?”

“ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய நின்னா அது வாசப்படிதான்.”

இர்மினா சிரித்துக்கொண்டே லிப்டைக் கீழே இறக்கினாள்.

ஊரைப் பார்க்கும் அந்தத் திறந்த மாடத்தில் வேறு ஆளில்லை. தடுப்புக் கம்பிகளுக்கு அப்பால் ஊரும் இல்லை, வானமும் இல்லை; எங்கோ அடியில் டிராம் உரசும் ஒலி ஈரத்துணிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக ஏறிவர, அதையும் மீறி, மிக அருகில், கொத்தனார் கரண்டியால் சுவரைத் தேய்க்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கம்பிகளுக்கு வெளியிலிருந்து கேட்டது.

“போலாம் கலினா. வா.”

லிப்ட் வந்து திறந்தது. ஸ்டூலில் இர்மினா இல்லை. சுண்ணாம்பு நெடி மூக்கில் ஏறியது. யகோதா தடுப்பதற்குள் குழந்தை உள்ளே குதித்துவிட்டாள். கதவு நகர்ந்தது.

“அம்மா, பயமா இருக்கு. கை குடு.”

ஊதாக் கையுறை போட்ட சின்னக் கை நீண்டது. யகோதாவின் கையும் எழுந்தது. பிறகு நின்றது. வாசப்படி. ஒரே ஒரு மூச்சு நேரம்.

கதவு மூடிக்கொண்டது.

லிப்ட் மேலே ஏறும் சத்தம். அந்த லிப்டுக்கு முப்பதாவதுதான் கடைசி மாடி.

பொத்தானைக் குத்தினாள். கதவை அறைந்தாள். மகள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கதவு திறந்தபோது ஸ்டூலில் இர்மினா இருந்தாள், மடியில் கம்பளிப் பின்னல்.

“குழந்தையா? நான் இப்பத்தாம்மா கீழேருந்து வர்றேன். ஸ்டூலை விட்டு எந்திரிக்கவே இல்லையே.”

சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். யகோதாவின் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்தாள். சுண்ணாம்பு வெள்ளையில் பெரிய பூட்ஸ் தடங்கள். ஈரம் காயாதவை. பக்கத்திலேயே சின்னக் காலணித் தடங்கள். இரண்டும் கம்பிவரை போயிருந்தன. திரும்பி வரவில்லை.

கரண்டிச் சத்தம் நின்றது.

“அம்மா.”

கம்பிகளுக்கு அப்பால், நிற்க ஒரு செங்கல்கூட இல்லாத வெண்மையில், ஊதாக் கையுறை மட்டும் தெரிந்தது.

“இங்க வாசப்படி இல்லம்மா. இப்பக் கை குடு.”

இந்தமுறை யகோதா தயங்கவில்லை. கம்பிகளுக்கு இடையே தோள்வரை கையை விட்டாள்.

பற்றிக்கொண்ட விரல்கள் பெரியவை. ஈரச் சுண்ணாம்பு அப்பியவை. அவை விடவில்லை.