நாற்பத்தொரு நொடி

நான்காவது டிவிடியும் குளிர்ந்துதான் வெளியே வந்தது.

எழுதும்போது டிவிடி சூடாகும். பதினோரு வருடமாகக் கல்யாண வீடியோவும் ஞானஸ்நான வீடியோவும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த லிபியின் விரல்களுக்கு அந்த இளஞ்சூடு பழக்கம். இதுவோ மழையில் கிடந்ததை எடுத்ததுபோலச் சில்லென்று இருந்தது. திரையில் மறுபடியும் அதே வாசகம்: ‘எழுத முடியவில்லை. வெற்று டிஸ்க்கைச் செருகவும்.’

“வெற்று டிஸ்க்தானே சனியனே வச்சேன்,” என்றாள் சத்தமாக. குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

வெளியே ஹர்த்தால். முக்கோலை சந்திப்பில் ஓர் ஆட்டோகூட ஓடவில்லை. கடை திறந்திருப்பது தெரிந்தால் கல் விழும் என்று ஷட்டரை இறக்கி, காற்றுக்காகத் தரையோரம் இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டிருந்தாள். மத்தியான வெயில் அந்த இடைவெளி வழியே வந்து தரையில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல்லேற்றிப் போகும் லாரிகளின் இரைச்சல் இல்லாத அந்த அமைதியில், கம்ப்யூட்டரின் மின்விசிறியும் சுவர்க்கடிகாரமும் டிரைவுக்குள் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து முனகுவதும் தனித்தனியாகக் காதில் விழுந்தன.

மணி இரண்டேகால். நாலு மணிக்குள் டிவிடி தயாராக வேண்டும். வக்கீல் ரேஷ்மி காலையிலேயே போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: “பென்டிரைவ் ஒண்ணும் வேண்டாம் லிபி, கேட்டியா. டிவிடிதான் வேணும், கூட சர்டிஃபிகேட்டும். நம்ம ஆபீஸ் ஐயப்பன் பைக்ல வந்து எடுத்துக்கிடுவாரு. நாளைக்கு ஜாமீன் கிட்டலேன்னா பின்னே ஓணம் கழிஞ்சுதான்.”

லிபியின் கணவன் சுபின் பத்தொன்பது நாளாக ஜெயிலில் இருந்தான். டிப்பர் லாரி ஓட்டுகிறவன். இந்த ஸ்டுடியோ வாசலில், லாட்டரிச் சீட்டு விற்கும் கிழவர் பிச்சையா அவன் லாரிக்கடியில் செத்துக் கிடந்தார். லாரி நின்றுகொண்டிருந்தது, நான் டீக்கடையில் இருந்தேன், வேறு வண்டிதான் அடித்து அடியில் தள்ளியது என்று சுபின் சொன்னான். வாசல் கேமராவில் லாரி நின்றது தெரிந்தால் போதும், வெளியே எடுத்துவிடலாம் என்று ரேஷ்மி சொன்னாள். தெரிந்தது. நடுவில் நாற்பத்தொரு நொடியை லிபி வெட்டியெடுத்துவிட்டு, கேமராவின் பதிவுப் பெட்டியையும் துடைத்தழித்த பிறகு தெரிந்தது.

வேலை முடியுமுன் கையெழுத்தை வாங்கிவிடுவது ஸ்டுடியோ வழக்கம். அந்தப் பழக்கத்தில் இன்று காலையே சர்டிஃபிகேட்டில் தன் கையெழுத்தையும் போட்டு வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் கோளாறின்றி இயங்கியது, பதிவிலிருந்து எதுவும் நீக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. மேசையில் கண்ணாடிக் குண்டின் அடியில் அந்தத் தாள் படபடத்துக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஷிஜுவைப் போனில் அழைத்தாள்.

“ஸ்பீடைக் குறைச்சீங்களா அக்கா? நாலுல வைங்க.”

“வச்சாச்சு.”

“லென்ஸ் துடைச்சீங்களா?”

“துடைச்சாச்சு. கேபிளையும் மாத்திப் பாத்தாச்சு. கம்பெனி மாத்தி டிஸ்க் போட்டும் பாத்துட்டேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருக்கு, ஷிஜு.”

“பேடிக்காதீங்க அக்கா. டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்துல பிடிங்க. ஒண்ணும் எழுதலேன்னா அடிப்பக்கம் முழுக்க ஒரே நிறமா இருக்கும். நடுவுல வளையம் மாதிரி தெரிஞ்சா என்னமோ எழுதியிருக்குன்னு அர்த்தம்.”

போனை வைத்துவிட்டு டிவிடியைத் திருப்பினாள். நடுத்துளையைச் சுற்றி நூல் அகலத்தில் ஒரு வளையம் இருந்தது. குப்பைக் கூடையில் எறிந்த மற்ற மூன்றையும் பொறுக்கினாள். மூன்றிலும் இருந்தது.

முதல் டிவிடியைச் செருகினாள். பெயரில்லாத ஒரே ஒரு ஃபைல். திறந்தாள்.

சாயங்கால ரோடு. சுபினின் லாரி. அதன் பின்னால் சீட்டுக் கட்டைக் கையில் பிடித்தபடி, மூட்டு வலிக்குக் கற்பூராதித் தைலம் தேய்த்த காலை இழுத்து இழுத்து நடந்து வருகிறார் பிச்சையா. பத்து நொடி. படம் நின்றது.

அவள் வெட்டிய பகுதி. இந்த உலகத்தில் எங்கேயும் இல்லாத பகுதி.

இரண்டாவது டிவிடி முதலாவது நின்ற இடத்தில் தொடங்கியது. லாரியின் பின்விளக்கு எரிகிறது. லாரி பின்னால் வருகிறது. கிழவர் விழுகிறார். மூன்றாவதில், சக்கரத்தடியில் இடுப்புவரை அகப்பட்டவர், கைத்தடியால் லாரியின் தகரத்தைத் தட்டுகிறார். மூன்று தட்டு. லாரி நிற்கிறது. பக்கக் கண்ணாடியில் சுபினின் முகம். பார்க்கிறான். நன்றாகப் பார்க்கிறான்.

நான்காவதில் லாரி மறுபடி பின்னால் வருகிறது.

அப்படியே விட்டால் சுபினுக்கு ஆயுள் தண்டனைதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதனால்தான் வெட்டினாள். அது மட்டும்தான் காரணம் என்று பத்தொன்பது நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அந்த மூன்று தட்டும் உள்ளே இருந்த அவளுக்குக் கேட்டது. சீட்டு விற்க ஷட்டரைத் தட்டுகிறார் என்று நினைத்து, எழுந்துகூடப் பார்க்காமல், “இன்னைக்கு வேண்டாம் பாட்டா,” என்று கத்தினாள். அதை அவளால் தாங்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

நான்கு டிவிடி. நாற்பது நொடி. இன்னும் ஒரு நொடி பாக்கி.

டப்பாவில் ஒரே ஒரு டிவிடிதான் மிச்சம் இருந்தது. ஹர்த்தால் நாளில் வேறு வாங்க வழியில்லை. மணி மூன்றரை. கர்த்தரே, இது ஒன்று மட்டும் ஒழுங்காக எழுதட்டும் என்று டிவிடியைச் செருகி, பட்டனை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவ் சுழன்றது. முனகல் இல்லை. பத்து சதவீதம். நாற்பது. எண்பது. நூறு.

‘எழுதி முடிந்தது.’

டிரைவின் தட்டு வெளியே வந்தது. டிவிடி சூடாக இருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மறுபடி செருகி முழுவதும் ஓட்டிப் பார்த்தாள். ரோடு, நிற்கும் லாரி, ரோடு. வேறொன்றுமில்லை. ஒரு நொடிகூட அதிகமில்லை. சுபின் வீட்டுக்கு வந்துவிடுவான்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு.

“ஐயப்பன் அண்ணனா? இதோ வந்துட்டேன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

போன் அடித்தது. “லிபியா? ஐயப்பன் பேசுதேன். திருவல்லம் பாலத்துல கொடி பிடிச்சு மறிச்சு நிக்காங்க. வர அரை மணிக்கூர் ஆவும், கேட்டோ.”

போன் கையிலிருந்து நழுவியது.

சுவரிலிருந்த கேமராத் திரையைப் பார்த்தாள். வெறும் ரோடு. வாசலில் யாருமில்லை.

மூன்று தட்டு. தகரத்தில் கைத்தடி.

கற்பூராதித் தைல வாசனை. டீசல். ஈர மண்.

தரையில் கிடந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். நடுவில் அறுந்திருந்தது. எதுவோ வெளியே தரையோடு தரையாகக் கிடந்து வெளிச்சத்தை மறைத்தது.

இரண்டு விரல் இடைவெளி. ஒரு கை நுழைய வழியில்லை.

நுழைந்தது.

விரல்கள் முதலில். நசுங்கித் தட்டையாகி, துணிபோல் மடங்கி, தரையைத் துழாவிக்கொண்டு. பிறகு மணிக்கட்டு. விரலிடுக்கில் ஒரு லாட்டரிச் சீட்டு. நாளைய குலுக்கல்.

“இன்னைக்கு,” என்றாள் லிபி. பின்னால் சுவர். நகர இடமில்லை. “இன்னைக்கு வேண்டாம் பாட்டா.”

கை நின்றது. கேட்டதுபோல நின்றது. ஒரே ஒரு நொடி.

பிறகு முழங்கை வந்தது. அதன் பின்னால், கன்னத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டு, முகம் உள்ளே வரத் தொடங்கியது.