மேஜைக்கு அடியில் பத்து நிமிடம்

"வயரை மாத்தியாச்சு. மைக்கை மாத்தியாச்சு. இனி என்னைத்தான் மாத்தணும்!" எலெக்ட்ரீஷியன் அண்ணன் தலையில் கை வைத்தார்.

சபை மக்களே சேர்ந்து கட்டிய கிறிஸ்தவ வானொலி நிலையம் அது. கொத்தனார், தச்சர், தையல்காரர் என்று எல்லோரும் விடுமுறை நாட்களில் வந்து, கூலி வாங்காமல் உழைத்தார்கள். மாலை ஐந்து மணிக்கு முதல் ஒலிபரப்பு. ஆஸ்பத்திரி வார்டுகளில்கூட ரேடியோவோடு காத்திருந்தார்கள்.

மணி நாலே முக்கால். ஹெட்போனிலோ, 'டொக் டொக்' என்று ஒரு சத்தம்!

தச்சரின் மகளைப் 'பம்பரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள்.

"ஒரு இடத்துல உட்காரேன்டி! கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று அப்பா அதட்டினார்.

பம்பரம் தரையிலேயே உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

முதல் ஜெபத்தை வாசிக்க வேண்டிய போஸ்ட்மேன் மாமாவின் முழங்கால் நடுங்கியது. மேஜைக் காலில் போய் இடித்தது. டொக் டொக். மைக் அதே மேஜைமேல்தான் இருந்தது.

'சொல்லிடலாமா?' மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வேர்த்துக் கொட்டியது.

"எனக்குப் பதிலா வேற யாராவது படிக்கட்டுமே..." என்று முனகினார் மாமா.

இரண்டு வாரமாக வாசித்துப் பழகியவர். இப்போது இதைச் சொன்னால் எழுந்து ஓடியே விடுவார்.

எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டியதுபோக மிச்சமிருந்த ஸ்பாஞ்சை பம்பரம் எடுத்தாள்.

"அப்பா, பசை இருக்கா?"

"காலி. எதுக்கு?"

"சும்மா!"

மேஜைக்கு அடியில் நுழைந்தாள். முழங்காலுக்கும் மேஜைக் காலுக்கும் நடுவே ஸ்பாஞ்சை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் நின்னுடுச்சு! யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்தினார் எலெக்ட்ரீஷியன் அண்ணன்.

"நான் மேஜை ஸ்க்ரூவை இறுக்கினேன்ல, அதான்" என்றார் அப்பா.

மணி ஐந்து. சிவப்பு விளக்கு எரிந்தது.

பம்பரத்துக்கு மூக்கு அரித்தது. கணுக்காலில் ஓர் எறும்பு ஊர்ந்தது. கை மரத்துப்போனது. அவள் அசையவில்லை.

முதலில் தடுமாறிய மாமாவின் குரல் மெல்ல நிதானமானது. "ஆண்டவரே, வலியோடு படுத்திருக்கிறவர்களுக்கு இன்று நல்ல தூக்கம் கொடும்."

பத்து நிமிடம் முடிந்து விளக்கு அணைந்தது. மாமா குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏய்! இங்க என்ன பண்றே?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன் மாமா."

"எப்படி இருந்துச்சு?"

பம்பரம் மூக்கை ஆசைதீரச் சொறிந்தாள்.

"உங்க குரலைத் தவிர வேற சத்தமே இல்ல மாமா!"