பல்லைக் கடித்துக்கொண்டு

வரிசை நகரவில்லை. கடைக்காரன் உள்ளேதான் இருந்தான். பாதி இறக்கிய இரும்புக் கதவுக்கு அடியில் அவன் கால் ஆடுவது தெரிந்தது. அரிசி இருந்தது, தராசு இருந்தது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் எழுந்து வரவில்லை.

"வேணும்னே பண்றான்" என்றான் சென்றாயன்.

"ஆரம்பிச்சிட்டியா மாமா" என்றாள் முன்னால் நின்ற காவேரி. பக்கத்து வீட்டுக்காரி. "ஒனக்கு மழை பெய்யலன்னாலும் வேணும்னேதான், பேஞ்சாலும் வேணும்னேதான்."

"பின்ன எதுக்கு உக்காந்துக்கினு கால ஆட்டறான்?"

"பல்லக் கடிச்சிக்கினு நில்லு மாமா. நம்ம வூட்டு வௌக்குதான எரியப் போவுது."

வரிசை சிரித்தது. சிரித்துவிட்டு மறுபடி பல்லைக் கடித்தது. எல்லார் கன்னத்திலும் தாடைப்பட்டை இருந்தது. கடி விழும்போதெல்லாம் பட்டையின் ஓரத்தில் ஒரு பச்சை நூல் மின்னி அடங்கியது.

பென்னாகரம் பக்கத்துத் தண்ணீர் பல்லைத் தின்கிற தண்ணீர். பால் பல் விழுந்து முளைப்பதே காவிப் பல்தான். நாற்பது வயதுக்குள் பாதி உடைந்துவிடும். பீங்கானை நசுக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று எவனோ எப்போதோ கண்டுபிடித்திருந்தான். அந்தப் பீங்கானில் பல்லுறை செய்து உடைந்த பல்லின் முளைமேல் மாட்டலாம் என்று பிறகு இன்னொருவன் கண்டுபிடித்தான். கம்பி மின்சாரம் பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் போனது. ஊருக்கு வாய் என்று ஆனது. உறையில் பிறப்பதைப் பட்டை வாங்கும், வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கலயத்தில் செருகினால் அதில் இறங்கிவிடும்.

இலவசம் என்றதும் ஊரே வாயைத் திறந்தது. சென்றாயன் மட்டும் மூடிக்கொண்டான். சும்மா கொடுக்கிறவன் எதையாவது எடுக்கத்தான் வருவான் என்றான்.

வந்த திட்டம் முதலில் படுத்துவிட்டது. மென்றால் மின்சாரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவார்கள். அது படித்தவர்களுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு வேளையில் கலயத்து முள் அசையவே இல்லை. பஸ் வராமல் பல்லைக் கடித்த நாளில் ஏறியது. ஆபீசில் நாளைக்கு வா என்று சொன்னால் ஏறியது. அதற்குப் பிறகுதான் கடை வரிசை நகராமல் போனது. பஸ்ஸும் ஒழுங்காக வருவதை நிறுத்திக்கொண்டது. சென்றாயன் இதைச் சொன்னால் ஊர் சிரித்தது.

அவனும் ஒருநாள் வாயைத் திறக்க வேண்டி வந்தது. அவன் பெண்டாட்டி மாதம்மாளின் நுரையீரல் சுருங்கிவிட்டது. மூச்சூட்டி இல்லாமல் இருக்க முடியாது என்றார்கள். அது கலயத்தில்தான் ஓடும். மாதம்மாளுக்கு உறை மாட்டப் பல்லே இல்லை, வெறும் ஈறு. இவன் வாய்தான் அவளுக்கு மூச்சு.

அரிசியோடு வீடு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தவள் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் தொடங்கினாள்.

"வந்துட்டாரு தொர. அரிசி வாங்கப் போனியா, வெதச்சி அறுத்துக்கினு வரப் போனியா?"

"கடக்காரன் எழுந்தே வரல."

"கடக்காரன், பஸ்ஸுக்காரன், டாக்டரு. ஊரே ஒன்ன ஏமாத்தறதுக்குக் காத்துக்கெடக்குதா? நீ என்னா, பெரிய ஜமீனா?" மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டு மேலே போனாள். "ஒன் மூஞ்சியப் பாத்துக்கினு சாவறதவிட இந்தச் சொவத்தப் பாத்துக்கினு சாவலாம்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். நோய் வந்து நாக்கு நீண்டுவிட்டது, படுக்கையில் விழுந்தவளோடு என்ன சண்டை என்று அவன் பொறுத்துக்கொண்டான். பொறுத்தது தூக்கத்தில் வெளியே வந்தது. கறகறவென்று திருகைபோல அரைப்பான். வரிசையில் நின்று கடிப்பது விளக்குக்குத்தான் காணும். மூச்சூட்டி ஓடியது அந்தத் தூக்கத்து அரைப்பில்தான்.

எத்தனை திட்டினாலும் அவள் மாதேசின் பெயரை மட்டும் எடுத்ததில்லை. ஒரே மகன். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் பெட்டியில்தான் திரும்பி வந்தான். போனவன் ஒரு தடவைகூடப் பேசவில்லை. வீட்டில் இருந்த ஒரே போன் மாதம்மாளின் மடியில்தான் கிடக்கும். அது தனக்காக ஒருநாளாவது அடிக்கும் என்று சென்றாயன் காத்திருந்தது யாருக்கும் தெரியாது.

மாசத்துக்கு ஒருமுறை பல் பார்க்கிற பெண் வருவாள், நவீனா என்று பெயர். அந்தத் தடவை வந்தவள் அவனை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டாள்.

"ஆ காட்டுங்க தாத்தா. ஒற அப்படியே இருக்குது. எதிர்ப் பல்லுதான் பாவம், தேஞ்சே போச்சு." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "பாட்டி, வட்டாரத்துலயே இந்த வூட்டுக் கலயம்தான் மொதல்ல நிக்குது. பயிற்சில நாங்க சொல்லிக்குடுத்ததவிட நல்லாத் திட்டறீங்கன்னு அர்த்தம்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"எந்தப் பயிற்சி?" என்றான் சென்றாயன்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. "தாத்தாவுக்குத் தெரியாதா? மூச்சூட்டி குடுக்கற வூட்ல எல்லாம் கோவத்தக் கெளப்பிவுட ஒருத்தர உசுப்புநரா வெப்பாங்க. இல்லன்னா மிஷினு ஓடாது" என்று கீழே பார்த்தபடி சொன்னாள். கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சென்றாயன் கட்டிலோரம் வந்து நின்றான். கடைக்காரன் வேண்டுமென்றே செய்கிறான், பஸ்காரன் வேண்டுமென்றே செய்கிறான். இத்தனை பேரைக் கண்டுபிடித்தவன் வீட்டுக்குள் இருந்த ஒருத்தியைக் கண்டுபிடிக்கவில்லை.

"ஏ புள்ள. திட்டனது பூரா சும்மாவா?"

"பின்ன? மொதல்ல என்னா திட்டறதுன்னே தெரியல. அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணன்."

"ஜமீனுன்னியே, அது?"

"அது என்னுது" என்றாள்.

அவன் சிரித்தான். பல காலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரிக்கப் போய் இருமல் வந்தது. அன்றைக்கு அவளுக்குக் கூழைக் கரைத்து அவனே ஊட்டினான். படுத்தவன் குழந்தைபோல வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

காலையில் முள் இறங்கியிருந்தது. மறுநாள் இன்னும் இறங்கியது.

அவன் விழித்துக்கொண்டே கடித்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தாடை மரத்துப்போனது. நிலத்தை அமுக்கிய பங்காளியை நினைத்துக்கொண்டு படுத்தான். பழைய கோபம், தூக்கம் வரும்வரைகூடத் தாங்கவில்லை. காவேரி தன் பட்டையைக் கழற்றி வந்து செருகிப் பார்த்தாள். ஒரு வீட்டுக் கடி இன்னொரு வீட்டுக் கலயத்தில் ஏறாது. அப்படித்தான் செய்திருந்தார்கள்.

"திட்டு புள்ள" என்றான்.

திட்டினாள். சோம்பேறி என்றாள், கையாலாகாதவன் என்றாள். அவள் கஷ்டப்பட்டு வார்த்தை தேடுவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்க்கிற வாய் கடிக்காது.

கலயத்தில் சிவப்பு விளக்கு வந்த அன்று மூச்சூட்டி விட்டு விட்டு ஓடியது. நடுப்பகல். மாதம்மாளின் உதடு நீலம் பூத்திருந்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"மாதேசு போன் பண்ணான்" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. "எப்ப?"

"சாவறதுக்கு முந்தி. வூட்டுக்கு வரட்டாம்மான்னு கேட்டான். அப்பாகிட்டக் குடுன்னான். நீ புளியமரத்தடில உக்காந்துக்கினு இருந்த. கூப்பிட்டிருந்தா வந்திருப்ப." மூச்சுக்கு நின்றாள். "ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டன்னு ஒங்கப்பா சொல்றாருடான்னு சொல்லி வெச்சிட்டன்."

"பொய்யி."

"நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கறது எனக்கு அலுத்துப்போச்சி. கொஞ்ச நாளு தனியாக் கெடக்கட்டும்னு நெனச்சன். அழுதான்."

"பொய் சொல்ற. மிஷினுக்காவ சொல்ற."

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பொய் என்று அவள் சொல்லிவிட்டால் மனசு ஆறும். மனசு ஆறினால் தாடை தளரும். அவளைத் திருப்பப் போன கையில் தோள் எலும்பு தட்டுப்பட்டது. அவன் வாயை மூடினான். மேல் உறை கீழ்ப்பல்லின்மேல் போய் உட்கார்ந்தது. கறக் என்று ஒரு சத்தம். பட்டையில் பச்சை நூல் மின்னியது, அடங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மூச்சூட்டி ஒரே சீராக ஓடியது. மாதம்மாள் திட்டுவதை விட்டுவிட்டாள், அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. "சாப்ட்டியா?" என்று மெதுவாகக் கேட்பாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவான். மடியில் போன் அடித்தால் இரண்டு பேருமே அதைப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த மாசம் நவீனா பயந்துகொண்டேதான் படியேறினாள். கலயத்தைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள். முள் போகக்கூடிய கடைசிக் கோட்டில் நின்றிருந்தது. அவன் வாய்க்குள் பார்த்தாள். எதிர்ப்பல் ஈறுவரை தேய்ந்திருந்தது.

"தெரிஞ்சப்பறம் இந்த அளவுக்கு எந்த வூட்லயும் ஏறனதே இல்ல" என்றபடி கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "பாட்டி, அப்படி என்னாதான் சொன்னீங்க? நெசமா, இல்ல கட்டிவிட்டதா? சொல்லுங்க, மத்தவங்களுக்கும் சொல்லிக்குடுக்கலாம்."

மாதம்மாள் வாயைத் திறந்தாள்.

சென்றாயன் எழுந்தான். எதையும் நம்பாமல், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டே காலம் கழித்தவன், இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வேகமாக வெளியே நடந்தான்.