காயாத தூண்

எழுந்தான். பல் தேய்த்தான். குளித்துத் தலை துவட்டி, சட்டை மாட்டிக்கொண்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தான். தேயிலை டப்பாவின் மூடி கையில் வழுக்கியது. துண்டில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி திறந்தான். மறுபடி வழுக்கியது. இடது கை காய்ந்துதான் இருந்தது. வலது உள்ளங்கை மட்டும் ஈரம். முகர்ந்து பார்த்தான். அப்போதுதான் அறுத்த மரத்தின் வாசனை.

மாமியார் போனில் வந்தார்.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"இனிமேதான் அத்தை."

"நாளைக்குத் திறப்பு விழாவுக்கு நான் வரல. அந்த இடத்தப் பாக்கத் தெம்பு இல்ல. அவ கடைசியாச் சொன்னதப் பலகையில பொறிச்சிருக்காங்களாமே, அத மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. சாகப்போற நேரத்துலயும் எம் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

"அனுப்பறேன் அத்தை."

பலகையில் இருப்பது இதுதான்: 'காடு எல்லோரையும் மன்னிக்கும்.' அவள் அப்படிச் சொல்லவே இல்லை. கூட்டத்தில் யாராவது அந்த மாதிரி பேசினால் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்துச் சிரிப்பை அடக்குகிறவள் அவள். வாசகம் பச்சைச்சட்டையின் கைவரிசை. அவள் கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தவன் இவன் ஒருவன்தான். இவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பலகைக்கு லாயக்கான சரக்கு எதுவும் கிடைத்திருக்காது.

பச்சைச்சட்டை என்பது சுற்றுச்சூழல் ஆலோசகர். எந்த நாளும் பச்சையில்தான் வருவார். பட்டம் சூட்டியவள் அவள். காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு முழுக்க மரத்தாலேயே ஒரு கூடம் கட்டுவது என்று முடிவானபோது, அவளும் இவனும் சேர்ந்துதான் வரைந்தார்கள். நல்ல வரைபடம். அதில் ஆலோசகர் தன் பங்குக்கு ஒரு சபதம் சேர்த்தார். கட்டடத்துக்காக வெட்டும் எந்த மரமும் காட்டைவிட்டு வெளியே போகாது, எல்லாமே கட்டடத்துக்குள் வரும். அதற்கு ஒரு சான்றிதழ் உண்டாம். சான்றிதழுக்குப் பின்னால் ஒரு விருது உண்டாம். விருதுக்குப் பின்னால் விருந்து இருக்கும், வேறென்ன.

வெட்ட வேண்டிய மரங்களுக்கு அவள் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுக்கொண்டிருந்தாள். வேர் அழுகிய ஒன்று, குறி போட்டு முடித்ததும், சாய்ந்தது. அவள்மேல்.

குறி போட்ட மரம். ஆகவே அதுவும் கணக்கில் வந்தது. அடிப்பக்கம்தான் அழுகல், நடுமரம் வைரம் என்றார்கள். "அவங்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன சார் இருக்கு?" என்று கண்கலங்கினார் பச்சைச்சட்டை. அந்த நாட்களில் இவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். பூம்பூம் மாடு தோற்றது. மரம் இப்போது கூடத்தின் நடுத்தூண்.

சாயங்காலம் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். திறப்பதற்கு முன் எல்லா மரமும் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். இரண்டு ஊசியும் ஒரு விளக்கும் உள்ள சின்னக் கருவி. ஊசியை மரத்தில் குத்தினால் காய்ந்ததற்குப் பச்சை எரியும், ஈரத்துக்குச் சிவப்பு. நடுத்தூண் ஈரமாக இருந்தால் விழா நிற்கும், தூணை எடுத்தே ஆக வேண்டும். அவன் வந்தது அதற்காகத்தான். ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அது போதும்.

"சீக்கிரம் சார்," என்றார் பச்சைச்சட்டை, நடுத்தூணில் மாட்டியிருந்த பலகையைச் சட்டை நுனியால் துடைத்தபடி. "மரம் எல்லாம் கருவாடா காஞ்சு கெடக்கு. சும்மா ஃபார்மாலிட்டிதானே."

"உங்களுக்கு எல்லாமே அதுதான்."

"கோபப்படாதீங்க சார். நான் போய் ஜெனரேட்டரப் பாத்துட்டு வரேன்."

அவர் போனதும் கூடம் இவனுக்குப் பழக்கமில்லாத அமைதிக்குள் இறங்கியது, புதுப் பலகைகள் ஒவ்வொன்றாகச் சொடக்குப் போட்டன, கண்ணாடிக்கு வெளியே மரங்களின் நிறம் கரைந்து ஒரே இருட்டாகச் சேர்ந்துகொண்டிருந்தது, காலையில் உள்ளங்கையில் இருந்த வாசனை இப்போது தரையிலிருந்து கிளம்பி வந்தது. மோட்டார் அறுவை வாளின் சூடும் பால் கசியும் பச்சை மரமும் கலந்த வாசனை. மரம் அறுக்கிறவன் வாளோடு ஓடிவந்து, "கைய எடுங்க சார், அறுக்கணும்" என்றபோது வந்த அதே வாசனை. மரத்துக்கு அடியில் அவள் பிடித்திருந்த கையை இவன் எடுத்தான். வாள் அந்தப் பக்கம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

தூணின் மேல்பக்கம் குத்தினான். பச்சை. நெஞ்சுயரத்தில் பச்சை. நான்கு பக்கமும் பச்சை. பச்சைச்சட்டைக்கு நல்ல காலம்தான். குனிந்து முழங்கால் உயரத்தில் குத்தினான்.

சிவப்பு.

சிரித்தான். நெடுநாளுக்குப் பிறகு. ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு பச்சையாக மாறும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு புள்ளி, பிறகு புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. முட்டி போட்டு உட்கார்ந்தான். குத்தினான், புள்ளி வைத்தான், குத்தினான், புள்ளி வைத்தான். ஈரம் வட்டமாக இல்லை. மேலே போய்க் கீழே இறங்கியது. மறுபடி மேலே போனது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை. கோட்டை இழுத்து முடித்துவிட்டு, போன் வெளிச்சத்தை அடித்தான்.

ஐந்து விரல்.

சுண்டு விரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. ஒரே ஒருத்திக்குத்தான் அந்த விரல் அப்படி.

எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். அன்றைக்கும் இப்படித்தான் முட்டி போட்டிருந்தான். வலது உள்ளங்கையிலிருந்து நீர் சொட்டியது. தரையில். சாக்பீஸ் குழைந்தது.

கை போனது. அவன் நீட்டவில்லை. போனது.

கோட்டுக்குள் கச்சிதமாகப் படிந்தது. மரம் வெதுவெதுப்பாக இருந்தது. மெத்தென்று. உள்ளேயிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அவன் விரல்களுக்கு இடையில்.

வெளியே ஜெனரேட்டர் உறுமியது. வாள் மாதிரி.

"முடிஞ்சுதா சார்? கதவப் பூட்டிடவா?"

பிடி இறுகியது. மணிக்கட்டுவரை மரம் ஏறியிருந்தது. தலைக்கு மேலே பலகை. பொய். அவள் கடைசியாகச் சொன்னது அவனுக்குத் தெரியும்.

"கைய மட்டும் எடுத்துடாதடா."