வெளியே தெரியாத இடம்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் சொன்ன நாக்கு புழுத்துப் போகட்டும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது நடந்தபடி.

கார் சீட்டுக்குத் தோல் தைக்கும் அந்த மனிதரை எல்லோரும் டெய்லர் என்றே கூப்பிட்டார்கள். சட்டைப் பித்தான் ஒன்று அறுந்தால்கூட அவருக்குத் தைக்க வராது. அது அவர் மனைவியின் இலாகா. ஆனால் தோல் என்று வந்துவிட்டால் அவர் கையே வேறு. சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வந்து, கிழிசல் எங்கே இருந்தது என்று அவரிடமே கேட்பார்கள். அப்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்தால் எவனுக்கும் ஒரு அறை விடலாம் என்று தோன்றும்.

மழை தொடங்கிய நாளிலிருந்து பட்டறையின் பின்கொட்டகையில் ஒரு கார் நின்றது. பழைய கார்களை வாங்கி விற்கும் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கொண்டுவந்து விட்டது. யாரும் அதன் கதவைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் ஈரம், சுவரெல்லாம் பூஞ்சை, தகரக் கூரையில் பொட்டுப் பொட்டென்று சத்தம், பட்டறை முழுக்க நனைந்த நாயின் வாடை. அப்படியொரு பகலில் டெய்லர் காருக்குள் குனிந்து டிரைவர் சீட்டில் உள்ளங்கையை வைத்தார்.

சூடாக இருந்தது. வெயில்பட்ட சூடு அல்ல. இப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு.

அவர் அனுபவத்தில் தோல் சீட் மனுஷனைப் போலத்தான் கிழடாகும். முதலில் கதவுப் பக்கத்துத் திண்டு போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் பின்புறத்தை இழுத்துத் தேய்ப்பது அங்கேதான். அடுத்து வெயில் படும் தோள்பட்டை வெளுக்கும். அப்புறம் வியர்வை குடித்துக் குடித்து உட்காருமிடம் கறுக்கும், காயும், வெடிக்கும். இந்தக் காரில் பக்கத்து சீட்டும் பின்சீட்டும் வற்றிய குளத்துத் தரை மாதிரிப் பாளம் பாளமாகக் கிடந்தன. அதிகம் உழைத்த டிரைவர் சீட் மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல மழமழவென்று இருந்தது. கதவுப் பக்கத்துத் திண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு கிழிசல். அவ்வளவுதான்.

"அத மட்டும் மூடிக் குடுங்க மாமா," என்றான் மச்சினன். "ஒரு பார்ட்டி கார் பாக்க வரார்."

"மத்த சீட்டெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குதே. அது அவர் கண்ணுக்குத் தெரியாதா?"

"ஓட்டுறவன் தன் சீட்டத்தான் பாப்பான். பின்னாடி உக்காரப்போறது அவன் மாமியார். அது நொறுங்கினா அவனுக்குச் சந்தோஷம்."

பழைய தோலுக்குப் புதுத் தோலை ஒட்டுப் போட்டால் பல்லிளித்துவிடும். நிறம் சேராது, வயசு சேராது. அதனால் அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒட்டை அதே சீட்டிலிருந்து, வெளியே தெரியாத இடத்திலிருந்து எடுக்க வேண்டும். முதுகுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே மடிந்து கிடக்கும் பகுதி, சீட்டின் அடிவயிறு, அப்படி எங்காவது. எடுத்த ஓட்டையில் மலிவான கறுப்புத் துணியை வைத்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது. யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

டெய்லர் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். கத்தியின் நுனி பட்டதும் அடிவயிற்றுத் தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் எழும்பி, புல்லரித்தது போல நின்றன. பழைய தோலின் வாடை வரவில்லை. தூங்கி எழுந்த ஆளின் பிடரி வாடை வந்தது. அவர் கத்தியை நிறுத்தினார். பிறகு, ஈரக் காற்றுக்குத் தோல் என்னென்னவோ செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறுத்தார். ஒட்டின் ஓரத்தைச் சீவினார், திண்டில் வைத்தார், இரட்டைத் தையல் போட்டார். கடைசித் தையலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தார். அது அவருடைய திமிர். வேறு யாரும் அப்படிச் சாய்ப்பதில்லை. கீழே ஓட்டையில் கறுப்புத் துணி.

சீட்டை மாட்டிய பின் வழக்கம்போல ஏறி உட்கார்ந்து, சறுக்கி இறங்கிப் பார்த்தார். ஒட்டு எது, சீட் எது என்று தெரியவில்லை. திண்டை ஒரு தட்டுத் தட்டி, "எங்க எடுத்தேன்னு உனக்கே தெரியாதுடா," என்றார்.

தெரிந்திருக்கிறது.

கார் விற்றுப்போன பிறகு ஒரு நாள் குளிக்கும்போது, இடுப்புக்குக் கீழே, பெல்ட் மறைக்கும் இடத்தில் சோப்பு வழுக்காமல் நின்றது. தடவிப் பார்த்தார். சொரசொரப்பு. முதுகுப் பக்கம் தன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் வயசு அவருக்கு எப்போதோ போய்விட்டது. மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் பார்த்ததும் சிரித்தாள். "கடைத் துணிய முதுகுலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. பிசின் டப்பா மேல உக்காந்தீங்களா?"

"எடுத்து விடு."

நகத்தை வைத்து ஓரத்தை நெம்பினாள். சிரிப்பு நின்றது. இன்னும் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

"என்னடி?"

"தச்சிருக்குங்க."

"என்ன தச்சிருக்கு?"

"உங்க தையல்தான். கடைசியில சாய்ச்சிருக்கு." அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு, அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "உள்ள ஸ்பாஞ்சு இருக்குங்க. மஞ்சளா."

வலி இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னாள். போய் என்னவென்று சொல்வது என்று அவர் கேட்டார். சீட் தைக்கிற எனக்கு எவனோ சீட் தைத்துவிட்டான் என்றா. அந்த வாரம் இடது தொடையின் உட்பக்கத்தில் ஒரு துண்டு போயிற்று. வலது அக்குளில் ஒன்று. எல்லாம் மறைவான இடம். எல்லாம் அளந்து எடுத்தது. வேலையைப் பார்த்தால் குறை சொல்ல வாயே வராது. அப்போதுதான் அவருக்கு அந்த டிரைவர் சீட் நினைவுக்கு வந்தது.

கார் யாரிடம் போனது என்று மச்சினனை உலுக்கி எடுத்தார்.

"கட்டடக் கான்ட்ராக்டர் மாமா. ஏன், தையல் விட்டுப்போச்சா?"

"ஆள் எப்படி? ஒல்லியா?"

"ஒல்லியா? அவர் உக்காந்தா கார் ஒரு பக்கமாத் தலையாட்டும்."

கான்ட்ராக்டர் பாதி எழும்பிய கட்டடம் ஒன்றின் முன்னால் நின்றிருந்தார். தார்ப்பாய் மூட்டை மாதிரி உடம்பு. பின்பாக்கெட்டில் சாவிக்கொத்து, இடுப்பில் இரும்பு அளவு டேப், கால்சட்டையில் செப்புக் குமிழ்கள். அவர் காரில் ஏறிக் காட்டியபோது டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். ஏறவில்லை அந்த மனிதர், திண்டின் மேல் உடம்பைத் தேய்த்து இழுத்துக்கொண்டு போனார்.

"நீங்கதான் தச்ச ஆளா? கைய குடுங்க," என்றார் கான்ட்ராக்டர். "என் வாழ்க்கையில இப்படி ஒரு சீட் பாத்ததில்ல. சிமெண்ட்டு, மணல், ஆணி, என் உடம்பு, எல்லாத்தையும் தாங்குது. தேயவே மாட்டேங்குது."

"ஒரு துண்டு விரிச்சு உக்காருங்களேன். சீட் நல்லா இருக்கும்."

"துண்டு எதுக்கு? அதான் நல்லா இருக்கே."

"நிழல்லயாவது நிறுத்துங்க."

"நீங்க என்னங்க, பொண்ண கட்டிக் குடுத்த அப்பன் மாதிரி பேசறீங்க." கான்ட்ராக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இங்க பாருங்க வேடிக்கைய." சாவியை எடுத்தார். திண்டின் மேல், எழுத்தாணி பிடிப்பதுபோல நிதானமாக, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். தோல் பிளந்தது. "காலையில வந்து பாருங்க. இருக்காது. என் பேரனுக்கு டெய்லி இதுதான் விளையாட்டு. ஆணி குடுத்தா அவன் பாட்டுக்குக் கிறுக்கிக்கிட்டு இருப்பான்."

"காரைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார் டெய்லர். "கெஞ்சிக் கேக்கறேன்."

"என் பொண்டாட்டிய கேட்டாக்கூட யோசிப்பேன்," என்றார் கான்ட்ராக்டர்.

அவர் மேஸ்திரியைத் திட்ட மாடிக்குப் போன நேரத்தில் டெய்லர் பிளேடை எடுத்தார். ஒட்டைப் பிரித்துவிட்டால் போதும், கணக்கு முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். காருக்குள் குனிந்தார். பிடரி வாடை. சூடு. சாய்ந்த தையலுக்கு அடியில் நுனியை விட்டு நெம்பினார்.

டக்.

அவர் இடுப்புக்குக் கீழே ஒரு தையல் தெறித்தது. அந்த வழியாகக் காற்று உள்ளே போனது. முதுகுக்குள், எலும்பு இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு, சில்லென்று ஓடி, மார்பு வரை வந்து நின்றது. அவர் சாய்ந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கையின் கீழே தோல் மெதுவாகப் புல்லரித்தது.

பையிலிருந்து ஊசியை எடுத்தார். அந்தத் தையலைத் திரும்பப் போட்டார். அழகாகவே போட்டார். கடைசியில் சாய்க்கவும் மறக்கவில்லை.

அதன் பிறகு அவர் வீட்டைவிட்டு அதிகம் போகவில்லை. நடந்தால் சத்தம் வந்தது. பழைய சீட்டில் உட்காரும்போது ஒரு மூச்சு விடுமே, அந்தச் சத்தம். மழையில் நனைந்தால் உடம்பு கனத்தது, காயப் பல நாள் ஆனது. மனைவி அவரை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள், அப்பப்போ புரட்டிவிட்டாள். உள்ளங்கால் போயிற்று. முழங்காலின் பின்புறம் போயிற்று. முதுகு மொத்தமும் கறுப்புத் துணியாயிற்று. தலை வழுக்கையாக இருந்ததால் அங்கே எதையும் மறைக்க முடியாது, தலை தப்பியது.

ஒரு சாயங்காலம் கண்ணாடி முன் நின்று சட்டையைக் கழற்றிச் சரிபார்த்தார். மறைவிடம் ஒன்றுகூட மிச்சம் இல்லை. இனி எடுப்பதென்றால் முகத்தில் எடுக்க வேண்டும், கையில் எடுக்க வேண்டும். வெளியே தெரிகிற இடத்தில் எந்த நல்ல தொழிலாளியும் கை வைக்க மாட்டான். முறை என்று ஒன்று இருக்கிறது. தன்னிடம் தொழில் கற்ற அந்தச் சீட் முறையை மீறாது. அப்படியென்றால் முடிந்தது. கான்ட்ராக்டர் இனி தேய்த்துக்கொள்ளட்டும், அவர் பேரன் கிறுக்கிக்கொள்ளட்டும், சீட் தேயும், வெடிக்கும், குப்பைக்குப் போகும். அந்த மழைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார்.

"என்னங்க, தனியாச் சிரிக்கறீங்க," என்றாள் மனைவி. ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அடர்த்தியான முடி, முதுகை மூடிக் கிடக்கும். "சிரிச்சது போதும், இங்க வாங்க. பின்கழுத்துல என்னவோ உறுத்துது."

அவர் போனார். பாதி தூரத்தில் கால் நின்றது.

ஒரு சீட்டில் மறைவிடம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் தொழிலில் முறை உண்டு. பக்கத்து சீட்டில் எடுக்கலாம். ஒரே கார், ஒரே வெயில், ஒரே வயசு. நிறம் சேரும்.

"வாங்கன்னா."

முடியைத் தூக்கினார்.

கறுப்புத் துணி. உள்ளங்கை அகலம். சுற்றிலும் இரட்டைத் தையல். கடைசி ஒன்று, சாய்ந்து.

"என்னங்க இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன உறுத்துது?"

"ரவிக்கை ஓரம்."

"அத வெட்டி விடுங்க. கத்திரிக்கோல் அங்கதான் இருக்கு."

அவர் அசையவில்லை. முடியைப் பிடித்தபடி நின்றார். அவள் மூச்சு விடும்போதெல்லாம் துணி உப்பியது. அமுங்கியது. எங்கோ ஒரு கனத்த உடம்பு கார்க் கதவைத் திறந்து ஏறியிருக்க வேண்டும்; அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியின் ஓரத்தில் நல்ல தோலில் ஒரு கீறல், மெல்ல, நேராக, அளவெடுத்தாற்போல ஓடியது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலிக்கவில்லை. அவர் மனசில் வந்தது ஒரே ஒரு நினைப்புதான். முடி நீளம். நிறைய மறையும்.

கையை விட்டார். முடி விழுந்து மூடியது.

அந்தக் கார் மாடலுக்குத் தொழிற்சாலையில் தோல் சீட் போட்டதே இல்லை, எல்லாம் ரெக்சின் என்ற செயற்கைத் தோல்.