பார்... அமுக்காதே!

காலை மணி பதினொன்று இருபது.

பொன்செல்வியின் செல்போன் அலறியது.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மாடி அறை. ஒரு மேஜை, ஒரு லேப்டாப், சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு ஃபேன். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவள் நான்கு கம்பெனிகளுக்கு இணைய விளம்பரம் போட்டுக் கொடுக்கிறாள்.

எடுத்தாள்.

"அக்கா, நான் ஜெனோ. காயல்பட்டினத்துல நிக்கேன். பெட்டியோட."

ஜெனோ, பெருமாள்ராஜ் அண்ணாச்சியின் ஃப்ரீசர் பாக்ஸ் வண்டி ஓட்டுகிறவன். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவரைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. நெல்லை வட்டாரத்தில் அண்ணாச்சியிடம் மூன்று பெட்டி இருக்கிறது. பொன்செல்வியின் நான்கு கம்பெனிகளில் பெரியது அவருடையதுதான்.

"சொல்லு ஜெனோ, என்ன விஷயம்?"

"பிணம் இல்லக்கா."

"இல்லைன்னா? அதுக்குள்ள எடுத்துட்டாங்களா?"

"இல்ல... எந்திரிச்சு வந்து கதவைத் தொறந்திருக்கு."

பொன்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜெனோ மூச்சு வாங்க விவரம் சொன்னான். புக்கிங் சீட்டில் இறந்தவர் பெயர் நூர்முகம்மது, வயது அறுபத்தெட்டு என்று இருந்தது. மகன் துபாயிலிருந்து வரவேண்டும், அதனால் பெட்டி இரண்டு நாளைக்கு. கதவைத் தட்டி, நூர்முகம்மது வீடுதானே, பெட்டியை எங்கன இறக்க என்று கேட்டிருக்கிறான். திறந்த பெரியவர் கையில் டீ டம்ளரோடு, நான்தான் நூர்முகம்மது என்றாராம்.

"ஆபீசுக்குச் சொன்னியா?"

"நடராஜ் அண்ணனுக்கு ஆறு தடவை போட்டேன். எடுக்கவே மாட்டேங்காரு. இது உங்க விளம்பரத்தப் பாத்து வந்த புக்கிங்னு காலையில சொன்னாரு. அதான் உங்களுக்குப் போட்டேன்."

ஆறு தடவை எடுக்காத மேனேஜர்...

அவள் மனதில் ஒரு முள் குத்தியது. அதைப் பிடுங்கிப் பார்ப்பதற்குள் அடுத்த போன்.

பெருமாள்ராஜ் அண்ணாச்சி.

"கடைக்கு வா. இப்பமே."

கட்!

* * *

கொக்கிரகுளம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை விரட்டினாள் பொன்செல்வி. கீழே தாமிரபரணி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மீனாட்சிபுரத்தில் அண்ணாச்சியின் ஆபீஸ். டீக்கடைக்காரன் கொடுக்கிற மீதிச் சில்லறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனிதர் அவர். இன்றைக்கு அதே பார்வையால் பொன்செல்வியைப் பார்த்தார்.

பக்கத்தில் நடராஜ். பதினோரு வருட மேனேஜர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் அனுதாபம். அனுதாபம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"உக்காரு. ஆறு வாரத்துக்கு முன்னால ஒருத்தன் நம்ம விளம்பரத்த அமுக்குனா, அந்த ஒரு க்ளிக்குக்கு நாம எவ்வளவு குடுத்தோம்?" என்றார் அண்ணாச்சி.

"இருபத்திரண்டு ரூபா, அண்ணாச்சி."

"இப்பம்?"

"எழுபத்தொண்ணு."

"நடுவுல இருக்கது எவன் வயித்துக்குள்ள போகுது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நடராஜ் தொண்டையைச் செருமினான். காலையில் வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைப் பெரியவர் இறந்துபோன சேதியைச் சொன்னான். அந்த வீட்டார் முதலில் போன் செய்தது இங்கேதான். இரண்டு பெட்டி வாடகைக்குப் போயிருந்தது. மூன்றாவது, இல்லாத பிணத்தைத் தேடிக் காயல்பட்டினம் போய்விட்டது. கடைசியில் அந்த வீட்டுக்குப் போனது எதிரி இசக்கிராஜாவின் பெட்டி. ஊரே திரண்டு நின்ற வாசலில் இசக்கிராஜாவின் பெயர் போட்ட வண்டி!

"போன மாசம் ரெண்டு தடவை இதே மாதிரி டூப்ளிகேட் புக்கிங். எல்லாம் இந்தப் பிள்ள விளம்பரம் வழியா வந்ததுதான்" என்றான் நடராஜ். பிறகு குரலைப் பைய இறக்கினான். "போன வாரம் இசக்கிராஜா கடைப் படியில இவளப் பாத்தேன், மொதலாளி."

பொன்செல்விக்குக் காது சூடானது. போனது நிஜம். இசக்கிராஜா தனக்கும் விளம்பரம் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் படியில் ஏறியதைப் பார்த்தவன் இருக்கிறான். முடியாது என்று சொன்னதைக் கேட்டவன்?

"நாலு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள எனக்கு விளங்கலேன்னா போலீசுதான்."

அண்ணாச்சி செய்யக்கூடியவர். போலீஸைவிட அவளுக்குப் பயம் ஊர் வாய்தான். இந்த ஊரில் வேலை வருவதே ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்டு. பெருமாள்ராஜ் ஒரு தடவை 'கள்ளி' என்று சொல்லிவிட்டால் மீதி மூன்று கம்பெனியும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடும். சென்னை வேலையை உதறிவிட்டு வந்து இரண்டு வருடமாகக் கட்டிய பெயர்!

அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. லேப்டாப்பைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, விலை எப்படி ஏறுதுன்னு முதல்ல கேளுங்க. ஒருத்தர் ஃப்ரீசர் பாக்ஸ்னு தேடுதாரு. அந்த நொடியில தேடுத தளத்துக்குள்ள ஒரு ஏலம் நடக்கு. நாம, இசக்கிராஜா, தூத்துக்குடிக்காரங்க, எல்லாரும் ஏலத்துல நிக்கோம்."

"கூடக் கேட்டவனுக்கு எடம். தெரியும்லா."

"அது மட்டும் இல்ல. யாரு விளம்பரத்தை சனம் அமுக்குதுன்னும் அது பாக்கும். நெறைய பேரு அமுக்குனா, இவன் வேண்டியவன்னு விலையக் கொறைக்கும். பாத்துட்டு சும்மா போனா, இவனை எதுக்கு மேல நிறுத்தணும்னு விலையக் கூட்டும். அப்புறம் எந்த ஊர்ல காட்டுதோம், எந்த வார்த்தைக்குக் காட்டுதோம், எல்லாம் கணக்கு."

அண்ணாச்சி உம்மென்று கேட்டார். வார்த்தைக் கதை அவருக்கே தெரியும். ஆரம்பத்தில் வெறும் 'ஃப்ரீசர்' என்று போட்டதில் ஐஸ்க்ரீம் கடைக்காரர்கள் எல்லாம் க்ளிக் செய்து, கோன் ஐஸ் எத்தனை பிடிக்கும் என்று போனில் கேட்டார்கள். அதைப் பொன்செல்விதான் அடைத்தாள்.

"இசக்கிராஜா ஆள் வச்சு நம்ம விளம்பரத்த அமுக்குதான். அதான் விஷயம்" என்றான் நடராஜ்.

அவளும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருந்தாள். ரிப்போர்ட்டை விரித்தாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

க்ளிக் எண்ணிக்கை ஏறவே இல்லை!

முன்பு மாதம் தொண்ணூறு. இப்போது எண்பத்தெட்டு. ஆனால் விளம்பரம் கண்ணில் பட்டது? முன்பு தொள்ளாயிரம் தடவை. இப்போது ஒன்பதாயிரத்து நானூறு!

காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம். சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு கூட்டம். தேடுகிறார்கள், பார்க்கிறார்கள், தொடாமல் போகிறார்கள். தினமும்.

யார் இவர்கள்? தினமும் இரண்டு வேளை பிணப்பெட்டியைத் தேடிவிட்டுச் சும்மா போகிறவர்கள்...!

அதைத் தோண்ட ஆசைதான். ஆனால் மணி ஒன்றாகிவிட்டது. முதலில் கையில் சிக்குகிற நூலைப் பிடிக்க வேண்டும்.

"நடராஜ் அண்ணே, காயல்பட்டினத்துக்குப் பெட்டி கேட்டு போன் பண்ணவரு என்ன சொன்னாரு?"

"வீட்டுல இருந்தே தேடுனாராம். நம்ம விளம்பரம்தான் முதல்ல வந்துச்சாம். அமுக்குனாராம்."

"காயல்பட்டினத்து வீட்டுல இருந்தா?"

"ஆமா... வீட்டுல இருந்துதான்."

பொன்செல்வி ஜெனோவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறானாம். பெரியவர் அவனை விடாமல் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாராம். அண்ணாச்சியின் மீசை லேசாகத் துடித்தது.

"ஜெனோ, உன் போன்ல ஃப்ரீசர் பாக்ஸ்னு தேடு. என்னென்ன வருது?"

"தூத்துக்குடி ஒண்ணு... திருச்செந்தூர் ஒண்ணு... நம்மளக் காணோமேக்கா."

"கீழ வரைக்கும் பாரு."

"இல்லவே இல்லக்கா."

அவள் நடராஜைத் திரும்பிப் பார்த்தாள்.

"வராது. ஆறு வாரத்துக்கு முன்னால நெல்லையச் சுத்தி இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு வெளிய எல்லாத்தையும் நிறுத்திட்டேன், தூரத்து க்ளிக்குக்குத் துட்டு வீணாப் போகக் கூடாதுன்னு. காயல்பட்டினத்துல நம்ம விளம்பரம் தெரியவே தெரியாது. அப்பம் அவரு எதை அமுக்குனாரு?"

நடராஜ் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நெல்லைக்கு வந்தப்பம் பாத்திருப்பாரு..."

"இப்பதானே வீட்டுல இருந்துன்னு சொன்னிய?"

ஸ்பீக்கரில் வேறு குரல் கேட்டது. கனத்த, நிதானமான குரல்.

"நான் நூர்முகம்மது பேசுதேன். உயிரோடதான் பேசுதேன். ஒரு சங்கதி கேக்கணும். எங்க வீட்டுல மவுத்தானா அன்னைக்கே அடக்கம். எம் பையன் துபாய்ல இருந்தா, அவன் அங்கன இருந்து துஆ செய்வான். ரெண்டு நாளு பெட்டியில போட்டு வைக்கது எங்க வழக்கமில்ல. இது தெரியாத எவன் எம் பேரைச் சொன்னது?"

தன் வீட்டு வழக்கத்தையே எல்லார் வீட்டுக்கும் எழுதிவிட்டான் ஒருவன். போன் செய்தவன் என்று எவனுமே இல்லை. எல்லாம் சீட்டை எழுதியவனின் கற்பனை.

"பாய், உங்க விலாசம் எங்க கடையில யாருக்குத் தெரியும்?" என்றாள் பொன்செல்வி.

"ஒருத்தருக்குத்தான். உங்க பழைய ஆம்புலன்ஸ் வண்டிய ரெண்டு வருசம் முன்ன நான்தான் வாங்குனேன். வாசல்லதான் நிக்கி, இந்தத் தம்பி பாத்துக்கிட்டுதான் இருக்கான். பேப்பர் எல்லாம் எழுதிக் குடுத்தவரு மேனேஜர் நடராஜ்."

அண்ணாச்சி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஏலே நடராசா..."

அவ்வளவுதான். பதினோரு வருட மேனேஜர் பதினோரு நொடியில் கரைந்து எல்லாவற்றையும் கக்கினான். பெரிய வீட்டுச் சாவுச் சேதி காதுக்கு வந்ததும், போன் இங்கே வருவதற்கு முன்னால் மீதிப் பெட்டியைத் தூரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் இசக்கிராஜா தனியாகக் கவனித்தான். வண்டி பாதியில் திரும்பிவிடாமல் இருக்க நிஜ விலாசம் வேண்டியிருந்தது. பழைய வண்டிப் பேப்பரில் கிடைத்தது. பழியைப் போட ஒரு விளம்பரம் வேண்டியிருந்தது. அதுவும் பக்கத்திலேயே கிடைத்தது.

பொன்செல்விக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணும் கூடவே கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி நடராஜின் சட்டையைப் பிடித்தார். "அப்பம் க்ளிக் விலைய ஏத்துனதும் நீதானலே?"

"அது நான் இல்ல மொதலாளி! எம் பிள்ளைங்க மேல சத்தியமா அது எனக்குத் தெரியாது!"

மாட்டிக்கொண்ட பிறகு மனிதன் சொல்கிற பொய்க்கு ஒரு வாடை உண்டு. இதில் அது இல்லை.

அப்படியானால்... காலை ஆறு, மாலை ஆறு. ஒன்பதாயிரத்து நானூறு. அந்தப் பேய்க்கூட்டம் யார்?

மேஜையில் கிடந்த அண்ணாச்சியின் செல்போன் 'டிங்' என்றது.

அதை அணைக்கப் போய் அண்ணாச்சி எதையோ தொட, ஒரு குரல் பதிவு ஊருக்கே கேட்கிற மாதிரி ஓடியது.

"மச்சான், பேட்டையில இருந்து பேசுதேன். காலையில கல்யாண வீட்டுக்குப் போயிட்டதால பாக்க முடியல. இப்பம் பாத்துட்டேன். நம்ம விளம்பரம்தான் முதல்ல நிக்கி. பயப்படாதிய, நான் அமுக்கல."

பொன்செல்வி மெதுவாகக் கையை நீட்டினாள். அண்ணாச்சி மறுப்பதற்குள் போன் அவளிடம் வந்துவிட்டது.

'பெருமாள்ராஜ் குடும்பம்.' வாட்ஸப் குரூப். நூற்று அறுபது பேர். முன்னீர்பள்ளத்துச் சித்தப்பா, கங்கைகொண்டான் மதினி, பாளையங்கோட்டைச் சகலை... ஆறு வாரமாகத் தினமும் இரண்டு வேளை. 'பார்த்தாச்சு, அமுக்கல.' 'பார்த்தாச்சு, அமுக்கல.' 'பார்த்தாச்சு, அமுக்கல.'

எல்லாவற்றுக்கும் மேலே அண்ணாச்சியின் கட்டளை: 'இசக்கிராஜா நம்மளக் கீழே தள்ளிவிடாமல் இருக்க எல்லோரும் காலை ஆறு, மாலை ஆறு தேடிப் பார்க்கவும். யாரும் அமுக்கக் கூடாது. அமுக்கினால் துட்டு.'

"நீதானே சொன்ன..." அண்ணாச்சியின் குரல் முதல் தடவையாகச் சிறுத்தது. "பாத்தா துட்டு இல்ல, அமுக்குனாத்தான் துட்டுன்னு."

சொன்னாள்தான். முதல் நாளே, இதே நாற்காலியில் உட்கார்ந்து.

"ஆமா, அண்ணாச்சி. ஆனா தினம் முன்னூறு தடவை உங்க சொந்தக்காரங்களே தேடிப் பாத்துட்டு, வேண்டாம்னு போனா, அந்த ஏலக்காரன் என்ன நெனைப்பான்? இந்தாள அவன் குடும்பமே தொட மாட்டேங்கு, மேல நிக்கணும்னா இன்னும் துட்டு வைன்னு கேப்பான். இருபத்திரண்டு எழுபத்தொண்ணு ஆனது அப்படித்தான்."

அண்ணாச்சி விழுந்து கிடந்த நாற்காலியைத் தானே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, தப்பா நெனைச்சிட்டேன் பிள்ளே, என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நடராஜே கேட்டதில்லை.

"இப்பம் எல்லாரையும் அமுக்கச் சொல்லிரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! அது இதைவிட மோசம். வீட்டுல யாராவது செத்தா மட்டும் தேடச் சொல்லுங்க. போதும்."

அண்ணாச்சி தலையாட்டினார். சொன்னதை அப்படியே செய்கிற மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் குரூப்பில் தட்டினார்:

'இனிமேல் வீட்டில் யாராவது செத்தால் மட்டும் தேடவும்.'

ஒரு நிமிடம் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. அண்ணாச்சியின் சம்சாரம் பாக்கியவதி:

'வீட்டுக்கு வாங்க. இன்னைக்கே தேடுதேன்.'