விடுங்க

ஸ்கேன் அறைக்குள் நுழையும்போதே தம்பி வம்பை ஆரம்பித்துவிட்டான். "வீட்ல என்னைப் பேச விடமாட்ட. இங்க மூச்சு விடக்கூட உன்னைக் கேக்கணுமாக்கா?"

அக்கா சிரித்துவைத்தாள். பதினான்கு வருடமாக அந்த எம்ஆர்ஐ இயந்திரத்தை ஓட்டுபவள், இன்று படிவத்தில் தம்பி பெயரை இரண்டு முறை சரிபார்த்தாள். தம்பியின் கணையத்தில் நீர்க்கட்டி. அபூர்வமான ரகம். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டுவைத்தால் ஆகலாம். கட்டியின் சுவர் தடித்திருக்கிறதா என்று இன்றைய படம்தான் சொல்ல வேண்டும். மூச்சு விட்டால் கணையமும் கூடவே அசைந்து படம் கலங்கிவிடும். அதனால்தான் "பிடிச்சுக்கோங்க", "விடுங்க" என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லிச் சொல்லி அவள் தொண்டைத்தண்ணீர் வற்றும்.

போன வருடம் இதே மாதிரிக் கட்டியோடு ஒரு லாரி டிரைவர் வந்தார். "பிடிச்சுக்கோங்க" என்றவள், போன் அடித்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். "விடுங்க" சொல்லவே இல்லை. அந்த அப்பாவி மனிதர் முகம் நீலம் பாரிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் துடித்துப்போனார், படம் கலங்கியது. மறுபடி எடுக்கச் சோம்பல்பட்டு அதையே அனுப்பிவிட்டாள், படுபாவி. 'மாற்றம் இல்லை' என்று அறிக்கை போனது. கட்டி புற்றாகி ஐந்தே மாதத்தில் ஆளே போய்விட்டார். இதை அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

தம்பியின் கையில் அவசரத்துக்கு அமுக்கும் ரப்பர் பந்தைக் கொடுத்துப் படுக்கையை இயந்திரக் குழாய்க்குள் தள்ளினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். பட்டப்பகல், பதினொரு மணி.

"இழுடா. பிடிச்சுக்கோ."

இயந்திரம் தடதடத்தது. திரையில் ஈரல், இரைப்பை, கணையம் எல்லாம் துல்லியமாக விழுந்தன. கட்டி பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"விடுடா."

விடவில்லை.

"டேய், விளையாடாத. விடு!"

அறையில் டீசல் வாடை அடித்தது.

திரையில் கட்டியைச் சுற்றி ஐந்து வெள்ளைக் கோடுகள் முளைத்தன. விரல்கள். அவை மெல்ல மடங்கி இறுக்கின.

தம்பியின் உடல் வளைந்து எழும்பி உள்சுவரில் மோதியது. தலை மோதியது. மறுபடி மோதியது. விலா எலும்பு மளுக்கென்று முறிந்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. ரப்பர் பந்து அவன் பிடியிலேயே வெடித்தது.

அவள் ஓடிப்போய் அவன் கால்களைப் பிடித்து இழுத்தாள். மறுபக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள். நகம் பிய்ந்து ரத்தம் வழிந்தும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை. குழாயின் இருட்டுக்குள், தம்பியின் தலைக்குப் பின்னால் இன்னொரு முகம் இருந்தது.

நீல முகம். உப்பிய கன்னங்கள்.

"நீங்க சொல்லவே இல்லையேம்மா," என்று அது முணுமுணுத்தது. "இன்னும் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. இவ்வளவு நேரமும் 'டா' போட்டுத் தம்பியிடம் மன்றாடியிருக்கிறாள். பிடித்திருப்பவர் அவனல்லவே.

"விடுங்க சார்!" என்று அலறினாள். "கலங்கின படத்தை அனுப்பினது நான்தான்! எல்லாம் என் தப்புதான், விடுங்க!"

ஒரு வருடத்து மூச்சு வெளியே வந்தது. சூடாக, அழுகல் நாற்றத்தோடு. கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. தம்பி இருமிக்கொண்டே அவள் மடியில் சரிந்தான்.

மூன்று விலா எலும்புகள், நெற்றியில் ஒன்பது தையல். ஆனால் படம் அருமையாக வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். கட்டி இன்னும் புற்றாக மாறவில்லை, அறுத்து எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வான். அக்கா வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் வார்டில் கட்டிலருகே உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள்.

"இனிமே உன்கிட்ட ஸ்கேனுக்கே வரமாட்டேன்க்கா," என்று அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சு ஏறியது, இறங்கவில்லை. உதடு நீலமாகத் தொடங்கியது.

"விடுடா," என்றாள்.

அவன் கன்னங்கள் உப்பின.

"விடுங்க."

நெஞ்சு இறங்கியது. டீசல் வாடை மூக்கில் ஏறியது. அவன் அடுத்த மூச்சை இழுத்தான், பிடித்துக்கொண்டான், அவள் வாயையே பார்த்தபடி காத்திருந்தான்.